குறியாக்கச் சாதனங்களில் ஸ்மார்ட் கார்டும் சான்றிதழும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் தரவு மையமும் வேறொரு மாநிலத்தில் மாற்று மையமும் வைத்திருக்கும் ஒரு கடன் நிறுவனம், தன் மாவட்டக் கிளைகளை ஐபிசெக் (இணையப் பாக்கெட்டுகளைக் குறியாக்கி அனுப்பும் நெறிமுறை) குறியாக்கச் சாதனங்களின் வழியே இணைத்திருந்தது. கிளை ஒவ்வொன்றிலும் ரவுட்டரை ஒட்டி ஒரு சிறிய பெட்டி, இரு மையங்களிலும் இணைப் பெட்டிகள் என்ற வழக்கமான அமைப்புதான். தரவு ஏஇஎஸ்-256 என்னும் வலுவான குறியாக்க முறையில் குறியாக்கமாகிச் சென்றது. அதைப் பற்றி எவரும் குறை சொல்லவில்லை. தணிக்கைக் குழு கேட்டது வேறு. மறுமுனையில் இருப்பது நம்முடைய பெட்டிதான் என்பதை இந்தப் பெட்டி எதை வைத்து நம்புகிறது? அதன் அமைப்புகளை மாற்றுகிறவர் நம்முடைய ஆள்தான் என்பதை எதை வைத்து நம்புகிறது?

முதல் கேள்விக்கு விடை, எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான ஒரே முன்பகிர் சாவி, அதாவது எல்லாப் பெட்டிகளிலும் முன்கூட்டியே இட்டுவைத்த ஒரே இரகசியம். இரண்டாவதற்கு விடை, பராமரிப்பு ஒப்பந்ததாரரின் பொறியாளர்கள் அனைவரும் அறிந்த ஒரே கடவுச்சொல். அவர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் சாவியை மாற்ற வழியில்லை. மாற்றுவதென்றால் எல்லாக் கிளைகளிலும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும், எங்காவது தவறினால் அந்த ஊருக்கு ஆள் அனுப்ப வேண்டும். ஆகவே அது மாறாமலே இருந்துவந்தது. சாதனங்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளச் சான்றிதழ், நிர்வாகிகள் உள்ளே நுழைய ஸ்மார்ட் கார்டு என்று நிறுவனம் முடிவெடுத்தது இந்த நிலையில்தான்.

நிறுவனத்தை அடையாளம் காட்டும் விவரங்களை விலக்கிவிட்டு, அந்த மாற்றத்தில் வேலை எங்கே குவிந்திருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். குறியாக்கக் கணிதம் எங்கும் தொல்லை தரவில்லை. தொல்லை முழுவதும் வரிசையில் இருந்தது: ஒன்று வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு முன்பே எது வேலை செய்துகொண்டிருக்க வேண்டும் என்ற வரிசையில்.

சாவி எங்கே பிறக்கிறது

யாருக்கும் காட்டக்கூடிய ஒரு பொதுச் சாவி இன்னாருக்கு உரியது என்று மூன்றாம் தரப்பு ஒன்று கையொப்பமிட்டுத் தருவதுதான் சான்றிதழ். அதற்கு இணையான, உரியவர் மட்டுமே வைத்திருக்க வேண்டிய தனிச் சாவி எங்கே உருவானது, எத்தனை பேர் கைகளைக் கடந்து வந்தது என்பதை அது சொல்லாது. சாதனங்களை விற்ற நிறுவனம் முதலில் முன்மொழிந்த முறையில், சாவிகள் எல்லாம் ஒரே மேசைக் கணினியில் உருவாக்கப்பட்டு, சாவியும் சான்றிதழும் கடவுச்சொல்லிட்ட ஒரே கோப்பாகக் கட்டப்பட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் ஏற்றப்படும். வேலை விரைவில் முடியும் என்பது உண்மை. ஆனால் எல்லாக் கிளைகளின் தனிச் சாவிகளும் ஒரே கணினியில் ஒருநாள் சேர்ந்து இருந்தன என்ற நிலை, பழைய முன்பகிர் சாவியைவிடப் பெரிதாக மேம்பட்டதன்று. ஆகவே ஒவ்வொரு பெட்டியும் தன் பாதுகாப்புச் சிப்புக்குள்ளேயே சாவியை உருவாக்க வேண்டும், வெளியே வருவது சான்றிதழ்க் கோரிக்கை மட்டுமாக இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

சிப்புக்குள் பிறந்த சாவி என்பதாலேயே அது நல்ல சாவி ஆகிவிடாது என்பதற்கு எஸ்டோனியா சாட்சி. செக் நாட்டின் பிர்னோ நகரில் உள்ள மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு இணைந்து பணியாற்றியவர்களும், இன்ஃபினியான் நிறுவனத்தின் சிப்புகளில் ஆர்எஸ்ஏ சாவிகளை (பெரிய பகா எண்களின் பெருக்கலிலிருந்து அமையும் சாவிகளை) உருவாக்கும் நிரல் நூலகம் பகா எண்களைத் தேர்ந்தெடுப்பதில் குறுக்குவழி ஒன்றைக் கையாண்டதைக் கண்டறிந்து 2017 அக்டோபரில் அறிவித்தார்கள். ரோக்கா என்று பெயர் பெற்ற அந்தக் குறைபாடு, பொதுச் சாவியைப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிடும். 2048 பிட் சாவியை உடைக்க ஒற்றைச் செயலிக்கு ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டார்கள், ஆனால் வேலையைப் பல ஆயிரம் செயலிகளுக்குப் பங்கிட்டுவிட முடியும். அந்தச் சிப்புகள் காமன் கிரைட்டீரியா என்ற பன்னாட்டுப் பாதுகாப்புச் சான்று பெற்றவை. எஸ்டோனியாவில் ஏறத்தாழ 7,50,000 அடையாள அட்டைகள் பாதிக்கப்பட்டு, 2017 நவம்பர் 3 நள்ளிரவில் அவற்றின் சான்றிதழ்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அட்டைகளை எறிந்துவிட வேண்டியிருக்கவில்லை. அதே சிப் நீள்வட்ட வளைவு என்ற வேறு கணித முறையில் அமைந்த சாவிகளையும் கையாளும் என்பதால், மக்கள் தம் வீட்டுக் கணினியிலிருந்தே புதிய சாவிக்கு மாறிக்கொள்ள முடிந்தது. பின்னர் தார்த்து பல்கலைக்கழகத்திலிருந்து 2020இல் வெளிவந்த ஆய்வு, சில எஸ்டோனிய அட்டைகளின் சாவிகள் விதிக்கு மாறாகச் சிப்புக்கு வெளியே உருவாக்கி ஏற்றப்பட்டவை என்றும், வெவ்வேறு அட்டைகள் ஒரே சாவியைப் பகிர்ந்திருந்த நிகழ்வுகளும் உண்டு என்றும் காட்டியது.

கார்டுக்கான கொள்முதல் நிபந்தனைகளில் இரண்டு வரிகள் இந்த வரலாற்றிலிருந்து நேரடியாக வந்தவை. கார்டு ஆர்எஸ்ஏ, நீள்வட்ட வளைவு ஆகிய இரண்டையும் கையாள வேண்டும். சாவி தனக்குள்ளேயே பிறந்தது என்பதற்குச் சிப்பே கையொப்பமிட்டு உறுதி தர வேண்டும். இரண்டாவது நிபந்தனையைக் கேட்டதும் ஒப்பந்தப்புள்ளி கொடுத்தவர்களில் சிலர் விலகிக்கொண்டார்கள். அதுவும் ஒரு தகவல்தான்.

யாருடைய கையொப்பத்தை ஏற்பது

நிறுவன அதிகாரிகளிடம் ஏற்கெனவே யுஎஸ்பி டோக்கன்கள் இருந்தன. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி உரிமம் பெற்ற சான்றளிப்பு மையங்கள் வழங்கும், மின் ஒப்பந்தப்புள்ளிக்கும் வருமான வரித் தாக்கலுக்கும் பயன்படும் அதே டோக்கன்கள். அவற்றையே சாதனங்களுக்கும் பயன்படுத்திச் செலவைக் குறைக்கலாமே என்ற யோசனை எழுந்தது. அது கைவிடப்பட்டதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று: அந்த மையத்தின் சான்றிதழைச் சாதனம் நம்பத் தொடங்கினால், அம்மையத்திடம் சான்றிதழ் வாங்கிய எவரும் முதல் வாசலைக் கடந்துவிடுவார், அதன்பிறகு அவரைத் தடுக்கும் பொறுப்பு முழுவதும் பெயர்ப் பொருத்தத்தின் மேல் விழும். பழக்கம் சார்ந்த காரணம் இன்னொன்று. நம் ஊரில் இந்த டோக்கன்கள் பெரும்பாலும் ஆடிட்டர் அலுவலக இழுப்பறையில், பின் எண் எழுதி ஒட்டிய காகிதத்தோடு கிடக்கின்றன. பிறர் கையில் கொடுத்துப் பழகிய பொருளைத் திடீரென்று தனக்கே உரிய அடையாளமாகக் கருத யாராலும் முடியாது.

ஆகவே நிறுவனத்துக்கென்றே தனிச் சான்றளிப்பு மையம் அமைக்கப்பட்டது. மற்றச் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையான மூலச் சாவி, வலையமைப்போடு தொடர்பில்லாத எச்எஸ்எம் எனப்படும் சாவிக் காப்புப் பெட்டியில் இருக்கும். ஐந்து பொறுப்பாளர் கார்டுகளில் எவையேனும் மூன்று சேர்ந்தால்தான் அது திறக்கும். அதன்கீழ் சாதனங்களுக்கு ஒன்று, நிர்வாகிகளுக்கு ஒன்று என இரண்டு இடைநிலை மையங்கள்.

இந்தப் பிரிவு வெறும் ஒழுங்குக்காகச் செய்யப்பட்டதன்று. நிறுவனத்தில் வைஃபைக்குச் சான்றிதழ் வழங்கும் மையம் ஒன்று முன்பே இருந்தது. முதற்கட்டச் சோதனையில் அதையே மையப் பெட்டி நம்பும்படி அமைத்துப் பார்த்தபோது, வைஃபை சான்றிதழ் வைத்திருந்த ஒரு சாதாரண மடிக்கணினி, கிளைச் சாதனம் போலவே பேசி மையத்தோடு சுரங்க இணைப்பை (இரு முனைகளுக்கிடையே குறியாக்கம் செய்த வழியை) எழுப்பிவிட்டது. சாதனம் தன் பார்வையில் சரியாகத்தான் நடந்துகொண்டது. கையொப்பம் செல்லும், காலக்கெடு முடியவில்லை, இரத்தாகவில்லை. வேறு எதையும் பார்க்கும்படி அதனிடம் யாரும் சொல்லவில்லை. இப்போது மையப் பெட்டி சாதனங்களுக்கான இடைநிலை மையத்தை மட்டுமே நம்புகிறது; அதற்கும் மேலாக, சான்றிதழின் மாற்றுப்பெயர்ப் புலத்தில் உள்ள சாதனப் பெயர் தன்னிடமுள்ள கிளைப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்கிறது.

பாதிக் கிளைகள் எழவில்லை

ஆய்வகத்தில் எல்லாம் சரியாக இயங்கிய பிறகு முதல் தொகுதிக் கிளைகள் மாற்றப்பட்டன. கம்பிவழிக் குத்தகை இணைப்பில் இருந்தவை உடனே எழுந்தன. பிராட்பேண்டில் இருந்தவற்றில் பல எழவில்லை. பிங் போகிறது, பழைய முன்பகிர் சாவிக்குத் திரும்பினால் இணைப்பு எழுகிறது, சான்றிதழுக்கு மாற்றினால் நின்றுவிடுகிறது. சான்றிதழில்தான் கோளாறு என்று யாருக்கும் தோன்றும். இரண்டு கிளைகளுக்குச் சான்றிதழை மறுபடியும் வழங்கிப் பார்த்ததும் அதனால்தான்.

பதிவுகளைப் பார்த்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. ஐகேஇ (ஐபிசெக் இணைப்புக்கு முன் பெட்டிகள் சாவிகளை உடன்பட்டுக்கொள்ளும் நெறிமுறை) இரண்டாம் பதிப்பின் முதல் பரிமாற்றம் இரு பக்கமும் நிறைவேறியிருந்தது. இரண்டாவதான அடையாள உறுதிப் பரிமாற்றத்தைக் கிளைப் பெட்டி திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. மையப் பெட்டியின் பதிவில் அது வந்து சேர்ந்ததற்கான அடையாளமே இல்லை. முன்பகிர் சாவியில் இந்தச் செய்தி சில நூறு பைட்டுகளுக்குள் அடங்கும். சான்றிதழும் இடைநிலைச் சான்றிதழும் கையொப்பமும் சேரும்போது அது ஈதர்நெட்டின் 1500 பைட் வரம்பைத் தாண்டி, ஐபி அடுக்கில் துண்டாகிறது. துண்டான யுடிபி (ஐகேஇ செய்தியைச் சுமக்கும் நெறிமுறை) பாக்கெட்டுகளை வழியில் உள்ள முகவரி மாற்றிகளும் ஃபயர்வால்களும் ஓசையில்லாமல் கீழே போட்டுவிடுகின்றன.

இதற்கு 2014இல் வெளிவந்த ஆர்எஃப்சி 7383 என்ற இணையத் தர ஆவணம் தீர்வு தருகிறது: ஐபி அடுக்கில் துண்டாக விடாமல், ஐகேஇ செய்தியையே சிறு துண்டுகளாக்கித் தனித்தனிக் குறியாக்கத்தோடு அனுப்புவது. சாதனத்தில் இந்த வசதி இருந்தது, ஆனால் முன்னிருப்பாக அணைக்கப்பட்டிருந்தது. இயக்கியதும் கிளைகள் எழுந்தன. கூடவே ஆர்எஸ்ஏ சாவிகளுக்குப் பதிலாக நீள்வட்ட வளைவுச் சாவிகளுக்கு மாறியதில் செய்தியின் அளவும் குறைந்தது.

இணைப்பு எழ இணைப்பு தேவை

இந்த நிகழ்வின் மையம் என்று நான் கருதுவது இதைத்தான். சென்னை மையத்தில் மின்சாரம் முழுவதையும் நிறுத்தி மீண்டும் கொடுக்கும் ஆண்டுப் பயிற்சியின்போது, பெட்டிகள் அனைத்தும் நலமாக எழுந்தன, ஒரு கிளைகூட இணையவில்லை. சான்றிதழ்கள் இரத்தாகியிருக்கின்றனவா என்பதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும் என்று இரு முனைகளுக்கும் கண்டிப்பான விதி இடப்பட்டிருந்தது. இரத்தான சான்றிதழ்களின் பட்டியல் இருந்த வழங்கி (சர்வர்) மாற்று மையத்தில், சுரங்க இணைப்புக்கு அப்பால் இருந்தது. பட்டியல் கிடைத்தால்தான் இணைப்பு எழும். இணைப்பு எழுந்தால்தான் பட்டியல் கிடைக்கும். பெட்டிக்குள்ளே சாவியை வைத்து வெளியிலிருந்து பூட்டிய கதைதான். அதுவரை மாதக்கணக்கில் இது வெளிப்படாததற்குக் காரணம், பெட்டிகள் முந்தைய பட்டியலை நினைவகத்தில் வைத்திருந்ததும், எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்ததே இல்லை என்பதும்தான்.

அதே நாளில் இன்னொன்றும் தெரியவந்தது. கிளை ஒன்றில் கடிகார மின்கலம் தீர்ந்துபோன பெட்டி, 1970 ஜனவரி 1 என்ற தேதியோடு எழுந்தது. அதன் பார்வையில் எந்தச் சான்றிதழும் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவே இல்லை. நேரத்தைச் சரிசெய்ய அது நாட வேண்டிய என்டிபி (நேரத்தை ஒத்திசைக்கும்) வழங்கியும் சுரங்க இணைப்புக்கு அப்பால்தான் இருந்தது.

தீர்வாக, பட்டியலும் நேரமும் சுரங்க இணைப்புக்கு வெளியே, சேவை வழங்குநரின் வலையமைப்பிலிருந்தே எட்டக்கூடிய இடத்தில் இரு மையங்களிலும் வைக்கப்பட்டன. பட்டியலைச் சாதாரண எச்டிடிபி வழியில் கொடுப்பதற்குப் பாதுகாப்புக் குழு முதலில் ஒப்பவில்லை. பட்டியல் தானே கையொப்பமிடப்பட்டது; அதை எச்டிடிபிஎஸ் வழியில் கொடுத்தால் அந்த வழங்கியின் சான்றிதழைச் சரிபார்க்க மற்றொரு பட்டியல் தேவைப்பட்டு அதே சுழல் மீண்டும் தொடங்கும். ஆர்எஃப்சி 5280 இதையே எச்சரிக்கையாகச் சொல்கிறது என்று காட்டிய பிறகு ஒப்புதல் கிடைத்தது. பட்டியல் நாள்தோறும் வெளியாகும், ஏழு நாள் செல்லும், சாதனம் அதை நிலையான நினைவகத்தில் சேமிக்கும். நேரத்தைப் பொறுத்தவரை, போலி நேரம் காட்டிக் காலாவதியான சான்றிதழுக்கு உயிர் கொடுக்க முடியாதபடி, கடைசியாகச் சேமித்த நேரத்தைவிடப் பின்னோக்கிக் கடிகாரம் போகக் கூடாது என்ற வரம்பும் சேர்க்கப்பட்டது.

ஏழு நாள் என்பது நீண்ட காலம் அல்லவா என்ற கேள்வி நியாயமானது. திருட்டுப்போன ஒரு பெட்டியை வெளியேற்ற இரத்துப் பட்டியலை நம்பியிருப்பதே இவ்வளவு சிறிய வலையமைப்பில் தேவையற்றது என்பது என் கருத்து. மையப் பெட்டியின் கிளைப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நீக்கி, நடப்பு இணைப்பைத் துண்டித்தால் வேலை அப்போதே முடிந்தது. துண்டிப்பதை மறக்கக் கூடாது: ஐகேஇ இரண்டாம் பதிப்பில் சாவிகளைப் புதுப்பிக்கும்போது அடையாளம் மீண்டும் சரிபார்க்கப்படுவதில்லை. மறு அடையாள உறுதியைத் தனியாக அமைக்காவிட்டால், சான்றிதழ் இரத்தான பெட்டி பழைய இணைப்பிலேயே நிம்மதியாகத் தொடரும்.

கார்டு கைக்கு வந்தபின்

நிர்வாகிகளின் பக்கம் முதலில் இடறியது பெயரில். சாதனத்தின் வலைப்பக்கம், கார்டுச் சான்றிதழில் உள்ள பொதுப்பெயரைக் கொண்டு பயனர் கணக்கைத் தேடியது. தலைப்பெழுத்தும் பெயரும் மட்டும் எழுதும் நம் வழக்கத்தில், ஒரே பிரிவில் இரண்டு எஸ். குமார் இருப்பது அதிசயமன்று. ஒருவருக்குப் பார்வையிடும் உரிமை மட்டும், மற்றவருக்கு முழு உரிமை. பொருத்தம் ஊழியர் எண்ணுக்கு மாற்றப்பட்டு, அந்த எண் சான்றிதழின் மாற்றுப்பெயர்ப் புலத்தில் இடம்பெற்றது.

அடுத்தது எஸ்எஸ்எச், அதாவது தொலைவிலிருந்து சாதனத்துக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி. அதற்கான பரவலான மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச், இங்கே பேசப்படும் எக்ஸ்.509 வகைச் சான்றிதழ்களை ஏற்பதில்லை; கார்டிலிருந்து அது எடுத்துக்கொள்வது பொதுச் சாவியை மட்டுமே. கார்டைச் செருகிப் பின் எண் இட்டு நுழைவதைப் பார்க்கும் மேலாளருக்குச் சான்றிதழ் சரிபார்க்கப்படுவதாகவே தோன்றும், ஆனால் காலாவதியும் இரத்தும் அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே சாதனங்களின் எஸ்எஸ்எச் வாயில் இடைநிலை வழங்கி ஒன்றுக்கு மட்டும் திறந்துவிடப்பட்டு, அந்த வழங்கியில் நுழையும்போது கார்டுச் சான்றிதழ் முழுமையாகச் சரிபார்க்கப்படுகிறது.

பின் எண்ணைத் தவறாக இடுவதற்கு வரம்பு உண்டு. வரம்பு தீர்ந்ததும் கார்டு 6983 என்ற பதிலோடு மறுத்துவிடும்; மென்பொருள் பெரும்பாலும் அதை ‘தெரியாத பிழை’ என்று மட்டும் காட்டுவதால், முதல் வாரங்களில் உதவி மையத்துக்கு வந்த அழைப்புகள் கார்டு கெட்டுவிட்டது என்றே வந்தன. திறக்கும் எண் உதவி மையத்திடம் கொடுக்கப்படாமல் கார்டு வழங்கும் பிரிவிடம் வைக்கப்பட்டது. ஆள் நேரில் வந்தால்தான் திறப்பார்கள். இன்னொரு தொல்லை எதிர்த்திசையில் இருந்தது. கார்டு மென்பொருள் பின் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வதால், கார்டைச் செருகிவிட்டு எழுந்து போனால் இருக்கையில் அமரும் எவரும் நிர்வாகிதான். கார்டை உருவினால் அமர்வு முடியும் என்ற விதியை இட்டது ஒரு பாதி. அதே கார்டையே அந்தத் தளத்தின் கதவுக்கும் திறவுகோலாக்கியது மறு பாதி. தேநீருக்குப் போகிறவர் கார்டை உருவாமல் வெளியே போக முடியாது. சுற்றறிக்கைகளைவிட அந்தக் கதவு நன்றாக வேலை செய்தது.

எல்லாம் பழுதானால் நுழைய, முத்திரையிட்ட உறையில் ஒரு அவசரக் கணக்கு இருக்கிறது. சாதனத்தோடு நேரடியாக இணையும் கன்சோல் கம்பி வழியே மட்டும், இருவர் முன்னிலையில் மட்டும் அது செல்லும். அந்த வழி இருப்பதால்தான் நிர்வாகிகளுக்கான இரத்துச் சரிபார்ப்பைத் தளர்வின்றிக் கண்டிப்பாக வைக்க முடிந்தது.

காலாவதியும் உதிரிப் பெட்டியும்

சிஸ்கோவின் வீஎட்ஜ் வகைச் சாதனங்கள் சிலவற்றில் தயாரிப்பின்போதே பொதிந்த சான்றிதழ் 2023 மே 9 அன்று காலாவதியானது. அதன்பின் மறுதொடக்கம் செய்த பெட்டிகள் கட்டுப்பாட்டு மையத்தோடு இணைய முடியாமல் நின்றன. பலரும் அந்தத் தேதியை அறிந்தது அன்றுதான். இங்கே சாதனச் சான்றிதழ்களின் ஆயுள் ஓராண்டு, மூன்றில் இரண்டு பங்கு கழிந்ததும் தானாகப் புதுப்பிப்பு, ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்துவிடாதபடி வெவ்வேறு தொடக்க நாட்கள். இடைநிலைச் சான்றிதழின் முடிவுத் தேதி தனியாகக் கண்காணிக்கப்படுகிறது.

கிளையில் பெட்டி பழுதானால், சாவி உள்ளேயே பிறந்தது என்பதால் அதை உதிரிப் பெட்டிக்கு மாற்ற முடியாது. உதிரிகள் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டு, கிளைப் பட்டியலில் சேர்க்கப்படாமல் வைக்கப்படுகின்றன; கிளையில் பொருத்திய பிறகே பெயர் சேர்க்கப்படும். பழைய பெட்டி விற்பனையாளருக்குத் திரும்புமுன் சாவி அழிப்புப் பொத்தான் அழுத்தப்பட்டு, அதன் சான்றிதழ் இரத்தாகிறது. கிடங்கில் நீண்ட நாள் கிடக்கும் உதிரியின் கடிகார மின்கலத்தைப் பார்ப்பதும் இப்போது பராமரிப்பு வேலைகளில் உண்டு.

அடுத்த கொள்முதலில் பாக்கெட் அளவின் பிரச்சினை திரும்பி வருகிறது. குவாண்டம் கணினியைத் தாங்கும் கையொப்பத் தரமாக அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட எம்எல்-டிஎஸ்ஏ முறையின் நடுத்தர வகையில், பொதுச் சாவி 1952 பைட், கையொப்பம் 3309 பைட். நீள்வட்ட வளைவு பி-256இன் கையொப்பமோ 64 பைட். சாதனச் சான்றிதழ், இடைநிலைச் சான்றிதழ், கையொப்பம் மூன்றும் சேர்ந்தால் ஒரு செய்தி 13,000 பைட்டைத் தாண்டும். பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளில் ஒன்று தொலைந்தாலும் முழுச் செய்தியையும் மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கும். அந்த அளவுச் செய்தியை நெரிசலான பிராட்பேண்ட் இணைப்பில் எழுப்பிக் காட்ட வேண்டும், அதுவும் இரு மையங்களின் பெட்டிகளும் ஒருசேர அணைந்து எழுந்த நிலையில் காட்ட வேண்டும் என்பது புதிய ஒப்பந்தப்புள்ளியின் ஏற்புச் சோதனைகளில் முதலாவதாக எழுதப்பட்டிருக்கிறது.